பெயர் மட்டும் திரும்பி வந்தது

1986-இல் மேன்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் ஒரு வாக்ஸ் இயந்திரம் பாதி உயிரோடு நின்றது. யூனிக்ஸ் ஓடிய அந்த இயந்திரத்தில், ரூட் உரிமையோடு, வேர் அடைவில் இருந்தபடியே ஒருவர் எல்லாவற்றையும் அழிக்கும் 'ஆர்எம்' கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் பின், டெவ், எட்சி, லிப் ஆகிய அடைவுகள் போய்விட்டன. கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை இல்லை, நகலெடுக்கும் கட்டளை இல்லை, புதிதாக ஓர் அடைவை உண்டாக்கும் கட்டளைகூட இல்லை. ஒரு திரையில் மட்டும் ஈமாக்ஸ் ஏற்கெனவே திறந்திருந்தது. நினைவகத்தில் அது ஓடிக்கொண்டிருந்ததால் பிழைத்தது. வாக்ஸின் எந்திர மொழி தெரிந்தவர் சிறியதொரு நிரலை பைட் பைட்டாக எழுத, ஈமாக்ஸ் வழியாக அதைத் தட்டி உள்ளே சேர்த்தார்கள். டிஎம்பி என்ற அடைவின் பெயரை எட்சி என்று மாற்றுவது மட்டுமே அந்த நிரலின் வேலை. அந்தச் சிறு வழி கிடைத்ததும் இயந்திரம் முழுவதையும் மீட்டார்கள். அந்தத் துறையில் இருந்த மரியோ வோல்ஸ்கோ இதை எழுதி வைத்திருக்கிறார்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில், நண்பர் ஒருவர் அந்தக் குறிப்பை அச்செடுத்துத் தந்தார். பிசி குவெஸ்ட் பத்திரிகையோடு வரும் குறுந்தகட்டில் இருந்து லினக்ஸ் கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள். பாடப் புத்தகம் குறைவு, கேட்டுத் தெளிய ஆள் இன்னும் குறைவு. அந்த இரண்டு மூன்று தாள்களில் இருந்து ஒன்று எனக்கு உறைத்தது: அழித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் கணத்தில் இயந்திரம் இன்னும் முழுதாக அழித்திருக்காது. அந்த இடைவெளியில்தான் எங்கள் வேலை இருந்தது. இன்று அந்த இடைவெளி எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யூனிக்ஸ் குடும்பத்தில் கோப்பின் பெயர் ஓரிடத்தில் இருக்கும், கோப்பு வேறிடத்தில் இருக்கும். அடைவு என்பது பெயர்களும் எண்களும் கொண்ட ஒரு பட்டியல். அந்த எண் ஐநோடு ஒன்றைக் காட்டும். கோப்பு யாருடையது, எவ்வளவு பெரியது, டிஸ்கில் எந்தெந்த பிளாக்குகளில் கிடக்கிறது என்பதெல்லாம் ஐநோடில் இருக்கும். உள்ளடக்கம் அந்த பிளாக்குகளில். 'ஆர்எம்' கொடுத்தால் முதலில் போவது பெயர். வேறு பெயர் எதுவும் அந்த ஐநோடைக் காட்டவில்லை, எந்த நிரலும் அதைத் திறந்து வைத்திருக்கவும் இல்லை என்றால், அந்த பிளாக்குகள் காலி என்று குறிக்கப்படும். காலி என்று குறிப்பதோடு சரி. அவற்றில் இருக்கும் எழுத்துகளை அன்றைய ஹார்ட் டிஸ்கில் யாரும் துடைத்ததில்லை. வேறொரு கோப்பு வந்து அதே இடத்தில் உட்காரும்வரை பழையது அப்படியே கிடக்கும்.

லினக்ஸின் முதல் காலத்துக் கோப்பு முறையான இஎக்ஸ்டி2-வில் மீட்பது இன்னும் எளிது. அழித்த பிறகும் ஐநோடில் பிளாக் எண்கள் மிச்சமிருக்கும். 'டீபக்எஃப்எஸ்' கருவியைத் திறந்து அழிந்த ஐநோடுகளைப் பட்டியலிட்டு, வேண்டியதை வெளியே கொட்டிவிடலாம். பின்னால் வந்த இஎக்ஸ்டி3 அந்த எண்களைப் பூஜ்ஜியமாக்கிவிட்டது. இதில் யாருடைய கொடுமையும் இல்லை. அழிக்கும் வேலை பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால், திரும்ப எழுந்ததும் அந்த வேலையைக் குழப்பமின்றி முடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மின்வெட்டில் டிஸ்க் கெடாமல் இருந்ததற்கு நாங்கள் கொடுத்த விலை, அழிந்ததைத் தேடும் வழிகாட்டி போனது.

2003-இல் எங்கள் கல்லூரி சர்வரில் ஓடியது ரெட் ஹேட் 7.3. கோப்பு முறை இஎக்ஸ்டி3. 40 ஜிபி டிஸ்க் முழுவதையும் ஒரே பகுதியாகப் பிரித்திருந்தார்கள். தமிழ்த் துறையில் ஒரு பேராசிரியர் இருந்தார். ஓய்வு பெறும் காலம். பல வருடங்களாக ஊர் ஊராகப் போய்த் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்தவர். கேசட் வாங்கக் காசு போதாமல், எழுதி முடித்த கேசட்டின் மேலேயே அடுத்த ஊரின் பாட்டைப் பதிவு செய்வார். அவருடைய மாணவர்கள் ஆய்வகத்தின் விண்டோஸ் 98 கணினிகளில், முரசு அஞ்சலில், திஸ்கி எழுத்துருவில் அந்தப் பாடல்களைத் தட்டச்சு செய்தார்கள். கோப்புகளைப் பகிரும் சாம்பா நிரல் வழியாக அவை சர்வருக்கு வந்து சேரும். பாடல்கள் முழுமையாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

டிஸ்க் நிறைந்துவிட்டது. படிப்பை முடித்துப் போன மாணவர்களின் கணக்குகளை அழிக்கும்படி ஆய்வக உதவியாளரிடம் சொல்லப்பட்டிருந்தது. அவர் பழைய கணக்குகள் இருக்கும் அடைவில் நிற்பதாக எண்ணி, வேர் அடைவில் நின்றபடி கட்டளையைக் கொடுத்துவிட்டார். எல்லாம் என்று பொருள்படும் நட்சத்திரக் குறியை, கட்டளைகளை வாங்கும் ஷெல் அகர வரிசையில் விரிக்கும்: பின், பூட், டெவ், எட்சி, ஹோம். ஹோம் பெரியது, நேரம் எடுத்தது. அந்த நேரத்தில்தான் அவருக்குச் சந்தேகம் வந்து நிறுத்தினார். லிப், யூஎஸ்ஆர், வார் மூன்றும் பிழைத்தன. அவர் என் அறைக்கு வந்து நின்ற நிலையை இன்றும் மறக்கவில்லை. நல்ல மனிதர், கவனமானவர். அப்படிப்பட்டவருக்கும் ஒரு நொடியில் இது நடக்கலாம் என்பதால்தான் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சர்வரின் திரை முன் உட்கார்ந்தபோது ஷெல் உயிரோடு இருந்தது. 'எக்கோ' என்பது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை. அதோடு ஒரு நட்சத்திரக் குறி சேர்த்தால் என்னென்ன எஞ்சியிருக்கிறது என்று காட்டிவிடும். நான் யார் என்று கேட்கும் கட்டளை யூஎஸ்ஆர் அடைவுக்குள் இருந்ததால் பிழைத்திருந்தது. அதைக் கேட்டதற்கு, பூஜ்ஜியம் என்ற எண்ணுக்கு உரிய பெயர் தெரியவில்லை என்று பதில் வந்தது. பயனர் பெயர்கள் எழுதியிருந்த கோப்பு எட்சியோடு போய்விட்டது. பெர்ல் இருந்தது. பெர்ல் இருந்தால் அடைவு உண்டாக்கலாம், கோப்பு எழுதலாம், பக்கத்துக் கணினியில் இருந்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளலாம். மேன்செஸ்டர்காரர்கள் செய்ததைவிட எளிதாகவே அந்த இயந்திரத்தை எழுப்பிவிட்டிருக்க முடியும்.

ஆனால் இயந்திரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதை அணைக்கக் கூடாது. பாடல்களைக் காப்பாற்ற வேண்டுமானால் உடனே அணைத்தாக வேண்டும். டிஸ்க் ஒரே பகுதி. நாங்கள் எட்சியைத் திரும்ப எழுத எழுத, அந்த எழுத்துகள் போய் உட்காரும் 'காலி' இடம் எதுவென்று சொல்ல முடியாது. ஒரு தாலாட்டு கிடக்கும் இடமாகவும் இருக்கலாம். நாங்கள் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாலும், பதிவேடுகளை எழுதும் நிரல் எழுதிக்கொண்டேதான் இருக்கும். முறைப்படி நிறுத்தினாலும் கடைசி நேரத்தில் நிறைய எழுதும். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். ஆய்வகத்தில் இருந்து எந்த மாணவரும் எதையும் சேமித்துவிடக் கூடாது. பிறகு மின் வயரைப் பிடுங்கினேன்.

ரெட் ஹேட் அன்று எங்கும் கிடைத்தது. குறுந்தகடுகளைப் போட்டு நிறுவினால் பின், எட்சி, லிப் அத்தனையும் எழுந்து வரும். உலகத்தில் லட்சக்கணக்கான இயந்திரங்களில் அதே கோப்புகள், எழுத்துப் பிசகாமல் இருந்தன. ஹோம் அடைவுக்குள் இருப்பதுதான் அங்கே மட்டும் இருப்பது. கணினியை மீட்பது பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

டிஸ்கைக் கழற்றி வேறு இயந்திரத்தில் பொருத்தி, க்ளாஸ் நாப்பர் உருவாக்கிய நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் குறுந்தகட்டில் இருந்து எழுப்பினோம். டிஸ்கை மவுன்ட் செய்யவே இல்லை. படிக்க மட்டும் என்று சொல்லி மவுன்ட் செய்தாலும் இஎக்ஸ்டி3, செய்யும் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் தன் ஜர்னலைச் சரிசெய்கிறேன் என்று டிஸ்கில் எழுதும். கடன் வாங்கிய இன்னொரு டிஸ்கில் பிட்டுக்குப் பிட் நகலெடுத்து, மூல டிஸ்கை அலமாரியில் பூட்டிவிட்டு, நகலின் மேல்தான் வேலையைத் தொடங்கினோம்.

பெயர் இல்லை, ஐநோடில் எண்கள் இல்லை. டிஸ்க் என்பது பைட்டுகளின் ஒரே நீளமான வரிசை. அதில் தமிழ்ப் பாடலை எப்படித் தேடுவது? பேராசிரியரிடம் கேட்டேன்.

"ஐயா, எல்லாத் தாலாட்டுலயும் வரக்கூடிய ஒரு சொல் சொல்லுங்க."

"இதென்ன தம்பி கேள்வி? ஆராரோ இல்லாம தாலாட்டு ஏது?"

திஸ்கி எழுத்தின் வடிவத்தைப் பார்த்து அமைந்த குறியேற்றம். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பைட்டுகள் நிற்கும். 'ரோ' என்றால் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ரகரம், பிறகு கால். அந்த பைட்டுகளை நாப்பிக்ஸில் எப்படித் தட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், விண்டோஸ் கணினியில் முரசு அஞ்சலைத் திறந்து 'ஆராரோ' என்று ஒரே சொல்லைத் தட்டி, ஒரு சிறிய கோப்பாகச் சேமித்து, ஃப்ளாப்பியில் கொண்டுவந்தோம். அந்தக் கோப்பையே தேடுபொருளாக 'கிரெப்' கட்டளையிடம் கொடுத்தோம். சொல் கிடைத்த இடம் டிஸ்கின் தொடக்கத்தில் இருந்து எத்தனையாவது பைட் என்று அது சொல்லும். அதை 4096-ஆல் வகுத்தால் பிளாக் எண். அந்த பிளாக்கையும் முன்பின் உள்ளவற்றையும் 'டிடி' கட்டளையால் வெட்டி எடுப்போம். வரி முறிவே இல்லாத குப்பைப் பகுதிகளில் கிரெப் நினைவகம் போதாமல் விழுந்துவிடும். அங்கே துண்டு துண்டாகத் தேட வேண்டும். ஒப்பாரிகளுக்கு வேறு சொற்கள் கொடுத்தார். ஒவ்வொரு சொல்லையும் எழுதிக் கொடுக்கும் முன் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசிப்பார்.

பாடல்கள் வந்தன. பெயரில்லாமல், ஊரில்லாமல், தலையில்லாமல், வாலில்லாமல் வந்தன. ஒரு பிளாக்கில் ஒரு பாட்டின் நடுப்பகுதியும், அடுத்த பிளாக்கில் யாரோ ஒரு மாணவரின் சி நிரலும் இருக்கும். எடுத்த எல்லாவற்றையும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அச்செடுத்துப் பேராசிரியர் வீட்டுத் திண்ணையில் பரப்பினோம். இது எந்த ஊர், பாடியவர் யார், இதற்குப் பின் எது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனார். கணினி செய்ய முடியாத வேலை அது. கோப்பு முறை தொலைத்துவிட்ட பிணைப்பு அவருடைய நினைவில் இருந்தது.

ஒரு பிற்பகலில் அவர் ஒரு தாளை எடுத்து வெகு நேரம் வைத்திருந்தார். அது ஏற்கெனவே நாங்கள் மீட்டிருந்த பாட்டுத்தான், ஆனால் வேறு மாதிரி இருந்தது. மாணவர்கள் ஒரு கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போது பழைய வடிவம் இருந்த இடம் பல நேரம் காலியாக விடப்பட்டு, புதியது வேறிடத்தில் எழுதப்படும். அப்படிக் கைவிடப்பட்ட முதல் வடிவங்கள் பலவும் டிஸ்கில் கிடந்தன. பாடிய பெண்களின் பேச்சு வழக்கை அச்சுக்காக நூல் வழக்குக்கு மாற்றியிருந்தார் அவர். மாற்றும் முன் இருந்தது இப்போது அவர் கையில் இருந்தது. கேசட்டில் அது இல்லை, மேலே வேறு பாட்டு பதிந்தாயிற்று. "இதைத் திருத்தியிருக்கக் கூடாது தம்பி" என்றார். அதன்பிறகு பழைய வடிவம் கிடைத்த பாடல்களில் எல்லாம் அதையே எடுத்துக்கொண்டார். தொகுப்பு, அழிவதற்கு முன் இருந்ததைவிட உண்மையானதாக ஆனது. எல்லாம் கிடைத்துவிடவில்லை. சில ஒப்பாரிகளின் பின்பகுதி வேறு கோப்புகளால் மூடப்பட்டுவிட்டது. அவற்றைப் பாடியவர்களில் சிலர் அப்போது உயிரோடு இல்லை.

2008-இல் கார்லோ வுட் என்ற நிரலாளர் தன் ஹோம் அடைவு முழுவதையும், 3 ஜிபிக்கு மேல், தவறுதலாக அழித்துவிட்டார். இஎக்ஸ்டி3-இல் மீட்க வழியில்லை என்றுதான் அதுவரை எல்லோரும் சொல்லிவந்தார்கள். அவர் அதை ஏற்காமல் ஜர்னலைத் தோண்டினார். ஜர்னலில் பழைய ஐநோடுகளின் நகல் கொஞ்ச காலம் தங்கும். பூஜ்ஜியமாவதற்கு முன் இருந்த பிளாக் எண்கள் அதில் கிடைக்கும். அந்த வழியில் ஏறத்தாழ எல்லாவற்றையும் மீட்டார், செய்ததை 'இஎக்ஸ்டி3கிரெப்' என்ற கருவியாக உலகத்துக்குக் கொடுத்தார். ஐந்து வருடம் முன்பே அது இருந்திருந்தால் எங்களுக்குக் கோப்புப் பெயர்களும் கிடைத்திருக்கும். கிறிஸ்டோஃப் க்ரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் இன்றுவரை இலவசம். இழந்தவனின் நெஞ்சப் பதைப்பை அறிந்தவர்கள் எழுதிய கருவிகள் இவை. அவர்கள் மேல் எனக்குள்ள மரியாதை பெரியது.

பாதுகாப்பும் வளர்ந்தது. வேர் அடைவை அழிக்கச் சொன்னால் மறுக்கும் வழக்கம் 2006 முதல் குனு 'ஆர்எம்' கட்டளையில் இயல்பாகவே உண்டு. வேருக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டால் மறுக்காது, ஏனென்றால் அதை ஷெல் விரித்து அடைவுகளின் பெயர்களாகத்தான் அதன் கையில் கொடுக்கிறது. எங்கள் கல்லூரியில் நடந்தது இன்று நடந்தாலும் அந்தக் காவல் தடுக்காது. 2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் நிரலின் நிறுவல் வரிகளில், யூஎஸ்ஆர் என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி தவறி விழுந்திருந்தது. உள்ளே இருந்த ஒரு சிறிய அடைவை அழிக்க வேண்டிய கட்டளை, யூஎஸ்ஆர் முழுவதையும் அழித்தது.

இன்று சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்கள் இப்படிப்பட்ட இயந்திரத்தை எழுப்ப முயல்வதில்லை. எட்சி போய்விட்டால், புதிய சர்வர் ஒன்றை அமைப்பு வரிகளில் இருந்து சில நிமிடங்களில் உண்டாக்கி, பழையதை நிறுத்திவிடுகிறார்கள். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகளில் நேற்றைய நிலையின் ஸ்னாப்ஷாட்டுக்கு ஒரே கட்டளையில் திரும்பலாம். இது பெரிய நன்மை. நாங்கள் இரவு இரவாகச் செய்ததை அவர்கள் செய்ய வேண்டியதில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. உலகம் முழுவதும் நகல் இருக்கும் பகுதியை மீட்பது இவ்வளவு எளிதாகிவிட்டது. ஒரே ஒரு நகல் இருக்கும் பகுதி எதிர்த் திசையில் போய்விட்டது என்பதை என் தங்கை மகள் வழியாக அறிந்தேன்.

அவள் சேலத்தில் தங்கி நடுகற்கள் பற்றி ஆய்வு செய்கிறாள். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கமெல்லாம் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் வீரர்களின் கற்கள். 2023-இல் ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் கூப்பிட்டாள்.

"மாமா, படம் இருந்த ஃபோல்டர் மொத்தமும் காலியா இருக்கு. நேத்து ராத்திரி பேக்கப் எடுக்கத்தான் போட்டேன்."

நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பதற்காகவே புது வெளி டிஸ்க் வாங்கியிருக்கிறாள். 'ஆர்சிங்க்' கட்டளையை, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆக்கும் அழிப்பு விருப்பத்தோடு கொடுத்திருக்கிறாள். எங்கிருந்து, எங்கே என்ற இரண்டு பெயர்களும் இடம் மாறிவிட்டன. புது டிஸ்க் காலி. அதைப்போலவே மடிக்கணினியும் ஆகட்டும் என்று இயந்திரம் புரிந்துகொண்டு, சொன்னதைச் சரியாகச் செய்துவிட்டது. கட்டளையைக் கொடுத்துவிட்டு, மடிக்கணினியை ஓடவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள்.

"இப்ப என்னென்ன திறந்திருக்கு?"

"லிப்ரே ஆபீஸ்ல கல்லோட விவரமெல்லாம் இருக்கிற ஷீட் திறந்திருக்கு. அதுவும் அந்த ஃபோல்டர்லதான் இருந்துச்சு."

"அதை மூடிராதம்மா. எதையுமே மூடாத. ஒரு பென்டிரைவ் சொருகி, வேற பேர்ல அதுல சேமி."

ஊர்ப் பெயர், கல் நிற்கும் இடம், கல்வெட்டு வரிகள், அளவுகள் எல்லாம் அந்த ஒரு சன்னலில் உயிரோடு இருந்தன. மேன்செஸ்டரில் ஈமாக்ஸ் திறந்திருந்ததுபோல. பழைய அறிவு பயன்பட்ட இடம் அது. எந்த நிரலாவது கோப்பைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால் லினக்ஸ் இன்றும் பெயரை மட்டும்தான் எடுக்கும். ப்ராக் அடைவுக்குள் போய், அந்த நிரலின் எண்ணைப் பிடித்து, கோப்பை நகலெடுத்துவிடலாம். படங்களை எந்த நிரலும் பிடித்திருக்கவில்லை.

அன்று மாலையே சேலம் போய்ச் சேர்ந்தேன். டிஸ்கின் நகலை எடுத்து, இஎக்ஸ்டி4-இன் ஜர்னலைத் தோண்டும் 'எக்ஸ்டி அன்டிலீட்' கருவியை ஓட்டினேன். கோப்புகள் வரிசையாக வந்தன. பெயர் சரி, ஃபோல்டர் சரி, அளவுகூடச் சரி. 2003-இல் இப்படி வந்திருந்தால் நாங்கள் கொண்டாடியிருப்போம். அவள் முகம் மலர்ந்தது. ஒரு படத்தைத் திறந்தாள், திறக்கவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. உள்ளே பார்த்தேன். முதல் பைட்டில் இருந்து கடைசி பைட் வரை பூஜ்ஜியம். எல்லாப் படங்களிலும் பூஜ்ஜியம்.

அவள் மடிக்கணினியில் இருந்தது எஸ்எஸ்டி டிஸ்க். அதில் ஒரு பிளாக்கின் மேல் நேராக எழுத முடியாது. முதலில் பெரிய பகுதியாக அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். ஆகவே எந்தெந்த இடம் காலி என்று இயங்குதளம் டிஸ்குக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேகம் கூடும், ஆயுளும் கூடும். அப்படிச் சொல்வதற்குப் பெயர் ட்ரிம். சொன்னதும் டிஸ்க் அந்த இடங்களைக் கைவிட்டுவிடும். பிறகு படித்தால் பெரும்பாலும் பூஜ்ஜியம்தான் வரும். அவள் பயன்படுத்திய உபுண்டுவில் இந்த வேலை வாரத்துக்கு ஒரு முறை தானாக நடக்கும். அந்த வாரக் கணக்கு தொடங்குவது திங்கட்கிழமை, நள்ளிரவு தாண்டியதும். படங்கள் அழிந்தது ஞாயிறு இரவு. செவ்வாய்க்கிழமை அழிந்திருந்தால் நமக்கு ஐந்தாறு நாள் இருந்திருக்கும். அந்த வாராந்திர வேலையை நிறுத்திவிட்டு நிதானமாக மீட்டிருக்கலாம். கணினியை அணைத்து வைத்திருந்து பிறகு வழக்கம்போல் எழுப்பினாலும் பயனில்லை, தவறவிட்ட வேலையை அது அடுத்த முறை எழுந்ததும் செய்துவிடும்.

இருபது வருடங்களுக்கு முன் உள்ளடக்கம் இருந்தது, பெயர் போயிருந்தது. பெயரைத் திருப்பிக் கொடுக்க ஒரு மனிதரின் நினைவு இருந்தது. இப்போது பெயர் அத்தனையும் இருந்தது. உள்ளே இருந்ததைத் திருப்பிக் கொடுக்க எந்த மனிதராலும் ஆகாது.

அவள் கேமராப் பையைக் கவிழ்த்தாள். இரண்டு எஸ்டி அட்டைகள் விழுந்தன. இரண்டையும் படங்களை மடிக்கணினிக்கு மாற்றியபின் கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிட்டதாகச் சொன்னாள். கேமராவில் செய்யும் ஃபார்மேட் பெரும்பாலும் அட்டவணையை மட்டும் காலியாக்கும். அட்டையின் உள்ளே இருப்பதை யாரும் துடைப்பதில்லை, ட்ரிம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஃபோட்டோரெக் முதலில் எழுதப்பட்டதே கேமரா அட்டைகளுக்காகத்தான். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்கும். அந்தக் குறியைத் தேடிக்கொண்டே அட்டையின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் போனது நிரல். முதல் கல் திரையில் தெரிந்ததும் அவள் அழுதுவிட்டாள். வில்லேந்திய வீரன், காலடியில் ஒரு நாய்.

அட்டையில் இருந்து வந்தவற்றுக்குக் கோப்புப் பெயர் இல்லை. ஆனால் எடுத்த தேதியும் நேரமும் ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் எழுதப்பட்டிருந்தன. ஒரு பக்கம் அந்த நேரங்கள், மறுபக்கம் அவள் மூடாமல் வைத்திருந்த ஷீட்டில் எந்தத் தேதியில் எந்த ஊர் என்ற வரிசை, நடுவில் பூஜ்ஜியமாகிப்போன கோப்புகளின் பெயர்கள். மூன்றையும் பொருத்திப் பொருத்தி விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அந்த வெறும் பெயர்களும் வீண்போகவில்லை. ஒரு நாளில் எத்தனை கற்கள் எடுத்தாள், எந்த வரிசையில் எடுத்தாள் என்று அவைதான் சொல்லின.

கடைசி இரண்டு பயணங்களின் படங்கள் முழுதாகக் கிடைத்தன. அதற்கு முந்தைய பயணங்களில் பாதிக்கு மேல் போய்விட்டன, அட்டையின் அதே இடத்தில் புதிய கற்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. அவற்றை மறுபடி எடுக்க வேண்டும்.

இப்போது அவள் மடிக்கணினியில் 'ரெஸ்டிக்' இரவுதோறும் நகல் எடுக்கிறது. இங்கே அழிந்தால் அங்கேயும் அழிவதில்லை. ஒவ்வோர் இரவின் நிலையும் தனித்தனியாகத் தங்கும். இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் வைத்திருப்பது ஒரு வேலை, நகல் என்பது வேறு வேலை. அதை அவளுக்குப் புரிய வைக்க அன்று நான் ஒரு சொல்லும் பேச வேண்டியிருக்கவில்லை. மாதத்தில் ஒரு நாள், நகலில் இருந்து ஏதேனும் ஒரு ஃபோல்டரை வேறு கணினியில் திருப்பி எடுத்துத் திறந்து பார்க்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தில், தவறான சர்வரில் தரவுத்தள அடைவை ஒருவர் அழித்தபோது, சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அவர்களிடம் ஐந்து விதமான நகல் ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட அன்று ஒன்றும் ஒழுங்காக இல்லை. வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் உலகத்துக்கு முழுதாக எழுதிக் காட்டினார்களே, அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

கேமராவுக்குப் புது அட்டைகள் வாங்கியிருக்கிறாள். ஒரு பயணத்துக்கு ஓர் அட்டை; நிறைந்ததும் ஊரும் தேதியும் எழுதிய உறையில் போகும், ஃபார்மேட் செய்வதில்லை. தை மாத அறுவடை முடிந்து வரப்பெல்லாம் காய்ந்ததும், விட்டுப்போன கற்களுக்காக முதலில் செங்கம் பக்கம் போகிறாள்.